சாணி தெளித்த தோணி

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. கேன்டீனில் உங்களுக்கு இடப் பஞ்சமே வராது. நாம் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் மரியாதையாக எழுந்துவிடுவார்கள். நான் பணியில் இருந்த காலம் முழுக்க எங்களுக்கு 'சாணி டிபார்ட்மெண்ட்' என்றுதான் பெயர். ஆரம்பத்தில் கோபம் வந்தது. ஜன்னலோர மேசை நிரந்தரமாகக் கிடைத்த பிறகு கோபம் போய்விட்டது.

இன்னொன்று. வேலை இன்னதென்று வீட்டில் மழுப்பாதீர்கள். நான் 'பூஞ்சை ஆராய்ச்சி' என்று நாசூக்காகச் சொல்லிவைத்ததில், என் நாத்தனார் வருடக்கணக்கில் என்னிடம் பட்டன் காளான் கேட்டுக்கொண்டிருந்தாள். சாணத்தில் வளரும், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளைப் பார்க்கிறோம் என்று நேராகச் சொல்லிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நிம்மதி.

சாணத்தை எப்படி ஈரப்பெட்டியில் வைப்பது, எந்தப் பூஞ்சை முதலில் முளைக்கும், எது கடைசியில் வரும் என்பதையெல்லாம் இங்கே இருப்பவர்கள் சொல்லித்தருவார்கள். என்னிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு ஒரே ஓர் அனுபவம்தான் எழுதத் தோன்றியது. அது பழவேற்காட்டு ஏரியில் நடந்தது.

கதாநாயகனை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் ஸ்போரோர்மியெல்லா. பெயர்தான் நீளம், ஆள் பொடி. மாடு புல்லைத் தின்னும்போது இதன் வித்தும் கூடவே வயிற்றுக்குள் போகும். சாணியோடு வெளியே வந்து, அந்தச் சாணியிலேயே முளைத்து, பக்கத்துப் புல்லின் மேல் மறுபடி வித்தை வீசிவிட்டு, அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். வித்து நுண்ணோக்கியில் கரும்பழுப்பாக, நாலு பெட்டி கோத்த குட்டி ரயில் மாதிரி தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் காப்பிக்கொட்டையில் இருப்பதுபோல ஒரு கீறல். காலம் போகப்போக இந்தப் பெட்டிகள் கழன்று தனித்தனியாகிவிடும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மழைத் தண்ணீர் இந்த வித்துகளை அடித்துக்கொண்டு போய் ஏரியில் சேர்க்கும். ஏரிச் சேறு அடுக்கடுக்காகப் படியும். எந்த அடுக்கில் வித்து இருக்கிறதோ, அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் மேய்கிற விலங்கு இருந்தது என்று அர்த்தம். மாடு செத்து மண்ணாகிப் போனாலும் அதன் சாணிக்குச் சாட்சி சேற்றில் இருக்கும்.

திருப்பாலைவனம் தாண்டிப் பழவேற்காடு வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து தோணி பிடித்து, பசியாவரத்துக்கும் அப்பால் போனால் ஒரு சின்னக் குப்பம். சுற்றிலும் தண்ணீர். எல்லா வீட்டிலும் வலை, ஒரே ஒரு வீட்டில் மட்டும் மாடுகள். அந்த வீட்டுக்காரி பெயர் தேசம்மா. புருஷனுக்குக் கால் விளங்காமல் போனதிலிருந்து அவர் ஏரிக்குப் போவதில்லை. மாடுகள்தான் அந்த வீட்டு அடுப்பை எரித்தன. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மாடுகளை ஏரிக்குள் இறக்கி, எதிரே இருக்கும் மணல் திட்டுக்கு நடத்திக்கொண்டு போவாள். அங்கே புல் கிடக்கும்.

அந்தத் திட்டில்தான் பறவைகளும் முட்டையிட்டன. மாடுகளை அங்கே விடக்கூடாது என்று, பறவைகளைக் காக்கும் அரசு அலுவலகம் யோசித்தது. ஆனால் அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். பழைய காலத்திலிருந்தே அங்கே மேய்ச்சல் இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் மாடுகளை அகற்றத்தான் வேண்டும் என்றார். வலைக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். மண், சேறு விஷயத்தில் உதவக்கூடும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

"எப்பலேர்ந்தும்மா அங்க மேய்க்கறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒல்லாந்தக்காரன் கோட்டை கட்டன காலத்துலேர்ந்து சார்," என்றாள் தேசம்மா. "கோட்டைக்கு வெண்ணெ எங்க வூட்லேர்ந்துதான் போவுமாம். எங்க நைனா சொல்லும். நைனாவோட நைனாவும் சொல்லும்."

"சொல்றத வெச்சு நான் எழுத முடியாதும்மா. வேற யாராவது சாட்சி வேணும்."

"பழவேற்காட்டு கல்லறையில படுத்துகினு கீறானே, அவனப் போய் கேளுங்க. பால் குடிச்சானா இல்லியானு."

கொட்டகையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். கல்லறையைக் கேட்க முடியாது, ஏரியைக் கேட்கலாம் என்று சொல்லி, திட்டுக்குப் பக்கத்துச் சேற்றில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் கால அடுக்கு கிடைத்தால் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆராய்ச்சி முடிவு வரும் வரை மாடுகளைத் தொடுவதில்லை என்று அதிகாரி ஒப்புக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் தேசம்மா என்னைத் தன் மாட்டிடம் இழுத்துக்கொண்டு போனாள். அதன் கண்ணில் நீர் வடிந்தது.

"இத்த கொஞ்சம் பாருங்க டாக்டரம்மா."

"நான் மாட்டு டாக்டர் இல்ல தேசம்மா. சாணியத்தான் பார்ப்பேன்."

"சாணிய பாப்பீங்களாம், மாட்ட பாக்கமாட்டீங்களாம். இது இன்னா படிப்போ."

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. நம் வேலையில் இது ஆபத்து. யாருக்காக முடிவு சொல்லப்போகிறோமோ அவர்களைப் பிடித்துப்போனால் நுண்ணோக்கியில் கண் வைக்கும்போது மனசும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சேறு எடுக்கப் போனது புவியியல் பிரிவு ஆட்கள். நீண்ட குழாயை ஏரியடியில் அழுத்தி, சேற்றைத் தண்டு தண்டாக எடுத்து, தோணியிலேயே பிளந்து, அடுக்கு வாரியாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார்கள். திரும்பி வந்தவர்கள் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. தேசம்மாவின் இறால் வறுவல், தேசம்மாவின் தோணி, அதற்கு அவள் வைத்திருந்த மஞ்சள் குங்குமம், எங்களுக்கு ராஜ மரியாதை என்று ஒரே புராணம். நான் காதில் வாங்கிக்கொண்டேனே தவிர மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஒரு பொட்டலத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. சேற்றுக்குள் வெள்ளைக் களிமண்ணால் செய்த புகைக்குழாயின் காம்பு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. ஒல்லாந்தச் சிப்பாய்கள் புகையிலை பிடித்துவிட்டு வீசுகிற குழாய். சேற்றின் வயதைக் கணித்த ஆய்வகமும் அந்த அடுக்கு அவர்கள் காலத்ததுதான் என்றது. அந்த அடுக்கை அமிலத்தில் வேகவைத்து, கழுவி, ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். காப்பிக்கொட்டைக் கீறல்கள் கொட்டிக் கிடந்தன. எழுந்து நின்று கை தட்டினேன்.

எங்கள் இயக்குநர் அன்றைக்கே அதிகாரிக்குப் போன் போட்டுவிட்டார். செய்தி ஏரியைத் தாண்டிக் குப்பத்துக்கும் போய்விட்டது. தேசம்மா அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாளாம். மறுநாள் பஸ் கண்டக்டர் மூலம் ஐஸ் போட்ட வாளியில் மடவை மீன் வந்து இறங்கியது. கேன்டீனில் குழம்பு வைத்தார்கள். அன்றைக்கு மட்டும் பக்கத்து மேசைக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

மீன் சாப்பிட்ட கையோடு அடிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அது ஒல்லாந்தர் காலத்துக்கும் வெகு கீழே, வெறும் கடல் மணலும் சிப்பித் தூளும் கலந்த அடுக்கு. அந்த இடம் கடலாக இருந்த காலம். அதில் ஒன்றும் இருக்காது என்று தெரியும். ஒன்றும் இருக்காத இடத்தில் ஒன்றும் இல்லை என்று பார்த்து எழுதுவதும் நம் வேலைதான்.

பார்த்தேன். கொட்டிக் கிடந்தன.

அதைவிட மோசம், நாலு பெட்டியும் கழலாமல் கோத்தபடி கிடந்தன. அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் இவை மட்டும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன என்றால் இவை பழைய ஆட்கள் இல்லை. போன வாரத்துச் சாணி. மேல் அடுக்கு ஸ்லைடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் கழன்ற பெட்டிகளோடு கோத்த ரயில்களும் கலந்து கிடந்தன. எது ஒல்லாந்தர் காலம், எது போன வெள்ளிக்கிழமை என்று பிரிக்க வழியில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு நான் சொல்வது பிடிக்கவில்லை.

"ஒல்லாந்தர் அடுக்குல வித்து இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அதைத்தானே கேட்டாங்க. அடியில இருக்கறத யாரு கேட்டாங்க?"

"அடியில கடல் மணல் சார். அங்க எப்படி மாடு வந்துச்சு? கடற்பசுவா?"

அவர் சிரிக்கவில்லை. அடிப் பொட்டலத்தை விட்டுவிட்டு மற்றதை அனுப்பலாமே, பாவம் அந்த அம்மாவுக்கும் நல்லது என்றார். இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை என்பதுதான் சிக்கல். கெட்டவர் சொன்னால் மறுப்பது சுலபம். நல்லவர், நல்ல மனசோடு, நாம் செய்ய ஆசைப்படுவதையே செய்யச் சொல்லும்போதுதான் கால் வழுக்கும். என் வாயில் இன்னும் அந்த மடவை மீன் வாசனை இருந்தது. அனுப்பிவிட்டால் என்ன என்று நானும் ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன்.

அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். பறவைகளுக்காகப் பேசுகிறவர்களும் விவரமானவர்கள். அவர்களில் ஒருவர் வந்து 'அடி அடுக்கில் என்ன இருந்தது?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அப்புறம் தேசம்மா எந்தச் சேற்றைக் கொண்டுவந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவள் மாடுகளுக்கு இருந்த ஒரே சாட்சியை நாமே பொய்ச்சாட்சி ஆக்கியிருப்போம். இயக்குநரிடம் இதையே சொன்னேன். அதிகாரிக்கு அவரே போன் செய்து முடிவை நிறுத்திவைக்கச் சொன்னார். செய்யும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாணி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மறுபடி சேறு எடுத்துப் பயனில்லை. நேரில் போய்ப் பார்க்கத் தீர்மானித்து, தேசம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பழவேற்காட்டுக் கரையில் இறங்கியபோது அவள் என்னை அழைத்துப் போகத் தோணியோடு காத்திருந்தாள். கையில் வாளி. வாளியிலிருந்து அள்ளி அள்ளித் தோணியின் பலகை மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பசேலென்று சாணித் தண்ணீர். அடியில் பழைய பூச்சு, அதன் மேல் அதற்கடுத்த பூச்சு, அதன் மேல் இன்றையது. மூலையில் மாட்டுக்கு அறுத்து வந்த புல்லும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

எனக்குச் சிரிப்பு முதலில் வந்ததா, வயிற்றெரிச்சல் முதலில் வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"தோணிக்கு எதுக்கு தேசம்மா சாணி தெளிக்கறீங்க?"

"இன்னா இப்படி கேக்கறீங்க. வாசலுக்குத் தெளிக்கமாட்டாங்களா?"

"இது தோணிதானே."

"எங்க ஊருக்கு வாசல் இதான டாக்டரம்மா. இதுல ஏறாம எங்க வூட்டுக்கு யாரு வர முடியும்? வெள்ளிக்கெழம தவறாம தெளிச்சிடுவேன். அன்னிக்கி உங்க ஆளுங்க சேறு எடுக்க வந்தாங்களே, நல்ல காரியமாச்சேனு நல்லா கெட்டியா மெழுகியே வுட்டேன்."

அந்தக் கெட்டி மெழுகலின் மேல்தான் எங்கள் ஆட்கள் சேற்றைப் பிளந்து பரப்பியிருக்கிறார்கள்.

விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தோணியில் உட்காராமல் கரையில் நின்றபடியே சொன்னேன். நீங்க தெளிச்ச சாணிதான் சேத்துல கலந்துடுச்சு, பழைய சாணி எது, உங்க சாணி எதுன்னு பிரிக்க முடியல, அந்த முடிவு இனிமே செல்லாது என்றேன். தேசம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"தேங்கா ஒடச்சிட்டேனே," என்றாள். பிறகு கோபம் வந்தது. "நல்லது நெனச்சிதான தெளிச்சேன். கெட்ட எண்ணத்துல தெளிச்சேனா?"

"இல்ல தேசம்மா."

"அப்ப இன்னாத்துக்கு இது எனக்கே திரும்புது?"

இந்த மாதிரி நேரத்தில் விஞ்ஞானம் பேசாதீர்கள். நான் அவளோடு கரையில் உட்கார்ந்தேன். மறுபடி எடுக்கலாம், ஆனால் சாணி படாத தோணி வேண்டும் என்றேன்.

அடுத்த சண்டை அதற்கு. தோணிக்குத் தெளிக்காமல் நல்ல காரியத்துக்குப் போகவே கூடாது என்றாள். "வாச தெளிக்காத வூடுனா இன்னா அர்த்தம் தெரியுமா? சாவு வூடு. உங்கள சாவு வூட்டு வாசல்ல ஏத்தி அனுப்புவேனா நானு?" மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாமே என்று கெஞ்சினேன். பூஞ்சைக்கும் மஞ்சளுக்கும் ஒத்துக்கொள்ளாது என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். கடைசியில் அவள் கொழுந்தனார் நாகப்பனின் இறால் தோணியைப் பேசி முடித்தோம். மாட்டையே பார்க்காத தோணி. அதையும் ஏரித் தண்ணீரில் தேய்த்துக் கழுவினோம். மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. சாணி இல்லை.

இன்னொரு நிபந்தனையும் போட்டேன். அதைச் சொல்ல எனக்கு வாயே வரவில்லை. தேசம்மாவின் கையிலும் புடவையிலும் எப்போதும் மாடு இருக்கும். அதனால் அவள் தோணிப் பக்கமே வரக்கூடாது என்றேன். அவள் மாடு, அவள் வழக்கு, அவள் பிழைப்பு. அவளை மட்டும் தள்ளி நில் என்கிறோம். நாங்கள் குழாய் இறக்கிய நேரம் முழுக்க அவள் இடுப்பளவு தண்ணீரில் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நாகப்பன் மட்டும் கழியை ஊன்றிக்கொண்டே, "அண்ணி இந்த மாரி வாய மூடிகினு நின்னு நான் பாத்ததே இல்ல," என்றான்.

தோணிப் பலகை மேல் பசை தடவிய வெற்று ஸ்லைடு ஒன்றையும் திறந்து வைத்திருந்தேன். காற்றில் ஏதாவது வந்து விழுந்தால் அதில் ஒட்டும். குழாய்களை இந்த முறை தோணியில் பிளக்கவில்லை. இரண்டு பக்கமும் மூடி, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பிளந்தோம்.

இந்தத் தடவை அடியிலிருந்து ஆரம்பித்தேன். இதிலும் வித்து இருந்தால் கதை முடிந்தது. அடியில் இல்லாமல், ஒல்லாந்தர் அடுக்கிலும் இல்லாமல் போனாலும் கதை முடிந்ததுதான். முதல் ஸ்லைடு: மணல் தூள், சிப்பித் தூள், வேறு ஒன்றும் இல்லை. அடுத்ததும் அப்படியே. பசை தடவிய ஸ்லைடிலும் ஒன்றும் இல்லை. மேலே வந்தேன். புகைக்குழாய்த் துண்டு கிடைத்த அதே அடுக்கில் கழன்ற பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. கோத்த ரயில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் கிழடுகள். அதற்குக் கீழே, ஒல்லாந்தர் வருவதற்கு முந்தைய அடுக்கிலும் கொஞ்சம் இருந்தன. இந்தத் தடவை கை தட்டவில்லை. மேசை மேல் தலை சாய்த்து அழுதேன். சாணியைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அறிக்கையை அதிகாரி வரி வரியாகப் படித்தார். நான் பயந்த கேள்வியைத்தான் முதலில் கேட்டார்: "அடியில என்ன இருந்துச்சு?" ஒன்றும் இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பறவைகள் முட்டையிடும் காலத்தில் மட்டும் மாடுகளைத் திட்டுக்கு ஓட்டக்கூடாது, மற்ற காலத்தில் மேய்த்துக்கொள்ளலாம் என்று தீர்ந்தது. தேசம்மா அந்த மாதங்களுக்குத் தீவனம் வாங்க வேண்டுமே என்று முணுமுணுத்தாள், ஆனால் ஒப்புக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள், கையில் ஒரு தூக்கு நெய்யோடு. பார்க்க வேண்டும் என்றாள். ஒல்லாந்தர் கால ஸ்லைடை வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இவ்ளோ கீதே. இதெல்லாம் எங்க மாடா?"

"உங்க மாடுன்னு சொல்ல முடியாது. புல் மேயற ஏதோ ஒண்ணு. மாடா இருக்கலாம், ஆடா இருக்கலாம், மானாக்கூட இருக்கலாம். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"மானுக்கு அந்த உப்புத் தண்ணியில இன்னா வேல?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "ஒல்லாந்தக்காரன் வரசொல்லவே அதுங்க அங்க மேஞ்சிகினு இருந்துச்சா?" என்றாள்.

"ஆமா. அவனுக்கு முன்னாடியே."

"அப்ப அவன்தான் புதுசா வந்தவன்."

பிறகு அடி அடுக்கின் ஸ்லைடை வைத்தேன். வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஒண்ணுமே காணோமே டாக்டரம்மா."

"இதுதான் தேசம்மா உங்க மாட்ட காப்பாத்தினது. இங்க ஒண்ணும் இல்லாததாலதான் அங்க இருக்கறத நம்பினாங்க."

உங்கள் மேசைக்கும் இப்படி வெற்று ஸ்லைடுகள் வரும். நாளெல்லாம் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லையே என்று சலித்துக்கொண்டு அதைத் தூர எறிந்துவிடாதீர்கள். நான் அதை எடுத்துத் தனியே வைக்கச் சொல்வதற்குக் காரணம் இயக்குநரோ, அறிக்கையோ இல்லை. தேசம்மா நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னதுதான்.

"அடுத்த தபா சேறு எடுக்க வந்தா மொதல்லயே ஒரு வார்த்த சொல்லிடுங்க," என்றாள். "உங்களுக்காவ ஒரு நாள் வாச தெளிக்காம வெக்கறேன்."